மூன்றாம் கோபுரத்து அடிமண்

அன்று மூன்றாம் கோபுரத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள்: பூலாவிளை சிவனணைந்த பெருமாள் ஆகிய நான்; என் தம்பி தங்கப்பழத்தின் மகனும் கோபுரத்தின் ஷிப்ட் பொறுப்பாளனுமான லிங்கதுரை; கம்பெனி மேலாளர் வரதராஜன்; மார்த்தாண்டத்திலிருந்து வந்து வேலை பார்த்த பொறியாளர் மெர்லின்; கம்பி வேலைக்காரர்கள் பால்துரை, கொம்பையா. ஆறு பேர். சித்திரை மாதம், பகல் பதினொன்றரை மணி. எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை.

எனக்கு வயது எழுபத்து நாலு. கூப்பிடாத இடத்துக்கு நான் போனதில்லை. அன்றும் கூப்பிட்டுத்தான் போனேன். கோபுரத்தில் எந்தக் கதவைத் திறந்தாலும் முதல் தேங்காயை எங்கள் குடும்பம் உடைக்க வேண்டும். நிலம் கொடுத்தபோது பேசிக்கொண்டது அது.

கோபுரம் என்பது நாற்பது மீட்டர் உயரமுள்ள எஃகு உருளை. உள்ளே முழுக்க மணல். பகலில் சூரியத் தகடுகள் கொடுக்கும் மின்சாரத்தைக் குழாய்கள் வழியாக உள்ளே விட்டு மணலைச் சூடாக்குவார்கள். அறுநூறு டிகிரி வரை போகும். வெயில் இறங்கிய பிறகு அந்தச் சூட்டை எடுத்து ஆவியாக்கி விசையாழியை ஓட்டுவார்கள். ஐந்து ஊர்களுக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் பொழுது சாய்ந்த பிறகு கிடைக்கும் வெளிச்சம் செம்மணல் மேடுகளான எங்கள் தேரிக்காட்டு ஓரத்தில் நிற்கும் மூன்று கோபுரங்களிலிருந்து வருகிறது. மூன்றாவது மட்டும் எங்கள் நிலத்தில் நிற்பது. அதற்கு மட்டும்தான் மணலும் நாங்கள் கொடுத்தது.

மணல் உள்ளே அசையாமல் கிடக்கும், அதை எடுப்பதும் போடுவதும் கிடையாது என்றுதான் முதலில் சொன்னார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து வேறு கதை சொன்னார்கள். தினமும் சூடாகும்போது எஃகுச் சுவர் விரிகிறது. விரிந்த இடத்தில் மணல் கொஞ்சம் கீழே இறங்கிக்கொள்கிறது. ஆறும்போது சுவர் பழைய இடத்துக்கு வரப் பார்க்கிறது, மணல் விடுவதில்லை. வீங்கின விரலில் மோதிரம் மாட்டிக்கொண்ட மாதிரி நாளுக்கு நாள் இறுக்கம் கூடுகிறது. அடிக்கதவைத் திறந்து இருநூறு டன் மணலை வெளியே விட்டால் இறுக்கம் தளரும். விடாவிட்டால் என்றைக்காவது சுவர் பிளக்கும். கோபுரத்தின் தெற்கே நூற்றிருபது வீடுகள் இருக்கின்றன.

ஒன்பது நாள் ஆறவிட்டு அடிக்கதவைத் திறந்தார்கள். கீழே லாரி தயாராக நின்றது. ஒரு மணல் கூட விழவில்லை.

அதற்காகத்தான் அன்று கூடியிருந்தோம்.

மெர்லின் திரையில் நிழலைக் காட்டினாள். நிழல் என்பது கணினிக்குள் அவள் கட்டியிருந்த இன்னொரு மூன்றாம் கோபுரம். வெளியே இருக்கும் கோபுரத்தில் என்னென்ன நடக்கிறதோ அத்தனையும் அதற்குள்ளும் நடக்கும். மணல் மணலாக எண் போட்டு, எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, எது எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்று கணக்கு வைத்திருந்தாள். நிழல் சம்மதிக்காமல் ஓர் ஆள்கூட அடியறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று அரசாங்கமே சட்டம் போட்டுவிட்டது. அதற்கு முன்னால் சுவரைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பி நாலு வருடம் ஆகிறது.

திரையில் இருட்டுக்குள் மின்னல் மாதிரிச் சில கோடுகள் மேலிருந்து கீழே கிளை விட்டு இறங்கின.

"இது என்னது மேடம், வேரு மாதிரி இருக்கு?" என்றான் பால்துரை.

"பாரம் போற வழி. உள்ள இருக்குற மணல் எல்லாம் பாரம் சுமக்காது அண்ணாச்சி. நூறுல முப்பதுதான் ஒண்ணுமேல ஒண்ணு தோள் கொடுத்துச் சங்கிலி மாதிரி நிக்கும். மீதி எழுபதும் இடத்த அடைச்சுக்கிட்டுச் சும்மா இருக்கும்."

"நம்ம ஆபீஸ் மாதிரின்னு சொல்லுங்க."

வரதராஜன் திரும்பிப் பார்த்தார். பால்துரை கம்பியைத் துடைக்க ஆரம்பித்தான்.

மெர்லின் விரலை வைத்துக் காட்டினாள். கதவுக்கு மேலே கூம்பு மாதிரிக் குறுகும் இடத்தில் மணல் சின்ன வளைவு கட்டிக்கொண்டு நிற்கிறது. கோயில் வாசல் வளைவு மாதிரி. உயரம் ஒரு முழம். நடுத்துளை வழியாகக் கம்பியை விட்டு உச்சியில் குத்தினால் பொலபொலவென்று உதிரும். ஆபத்து இல்லை. நிழல் சம்மதம் கொடுத்துவிட்டது.

"அப்ப என்னம்மா தயக்கம்?" என்று வரதராஜன் கேட்டார்.

அவள் திரையின் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கினாள். "சார், ஆறு மாசமா ஒரு விஷயம் எனக்கு மனசிலாகல்ல. சுவருல மேல இருக்குற அளவுக்கருவி எல்லாம் நிழலோட ஒத்துப் போகுது. கீழ மூணு மீட்டர்ல மட்டும் ஒத்துப்போகல. நான் சொல்லுற பாரத்துல பாதிதான் அங்க காட்டுது."

"கருவி கெட்டிருக்கும்."

"எட்டுக் கருவியும் சேர்ந்தா கெடும்? அதுவும் மேற்க கொஞ்சம், கிழக்க நெறைய வித்தியாசம்." என் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க பெரியவங்க, கேக்குறேன்னு நெனைக்காதீங்க. மணல் எப்படி அடுக்கியிருக்குங்கிறதுதான் எல்லாமே. ஒரே மணல், கொட்டின விதம் மாறினாப் போதும், நடத்தையே மாறிப்போகும். வேற மணல்னா சொல்லவே வேண்டாம். அடியில நம்ம வெள்ளை மணலத் தவிர வேற எதாவது போட்டிருக்குமா?"

இந்தக் கேள்விக்கு விடை அந்த அறையில் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் குலசாமி கோயிலை இன்னோர் இடத்தில் எழுப்புவதானால் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய் அடியில் வைப்பார்கள். பிடிமண் என்று பெயர். எங்கள் குடும்பத்தில் கோயிலுக்கு மட்டும் என்று இல்லை, வீடு கட்டினாலும் கிணறு வெட்டினாலும் தேரியடி சாஸ்தாவின் சிவந்த மண் ஒரு பிடி அடியில் போகும். போகாமல் எதுவும் எழும்பியதில்லை. கோபுரத்துக்கு மட்டும் கம்பெனி சம்மதிக்கவில்லை. உடைத்து, கழுவி, சலித்த வெள்ளைக் கல்மணல் தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். பொது இடத்தில் வைத்து என் அண்ணன் வைகுண்டத்தைப் பார்த்து, "ஒரு பிடி என்ன, ஒரு சிட்டிகைகூடக் கூடாது" என்று ஒரு சின்ன வயது அதிகாரி சொன்னான். சுற்றி எங்கள் உறவுக்காரர்கள் இருநூறு பேர் நின்றார்கள்.

அண்ணன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு வந்து சொன்னார்: "பிடிமண்ணுன்னா ஒரு பிடிதானாலே? கையளவு உள்ளவன் கையளவு வைப்பான். நாம ஒம்பது லாரி வைப்போம்."

மணல் நிறைப்பு நாளில் கல்யாண மண்டபத்தில் கம்பெனிக்காரர்கள் அத்தனை பேருக்கும் இலை போட்டோம். பதினாறு வகைக் கறி, மூன்று பாயசம். அவர்கள் இலையில் உட்கார்ந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒன்பது லாரி தேரிமண், கிழக்கு வாய் வழியாகக் கோபுரத்தின் வெறும் அடியில் கொட்டப்பட்டது. மங்கலமான திசை என்பதால் கிழக்கு. வண்டி ஓட்டியவர்கள் எல்லாம் பங்காளிகள். குடும்பத் தலைவன் வாய் திறக்காமல் நாங்கள் வாய் திறப்பதில்லை என்று சாஸ்தா முன்னால் அவர்களிடம் அண்ணன் சத்தியம் வாங்கினார். அதன் மேல் பன்னிரண்டாயிரம் கன மீட்டர் வெள்ளை மணல் போயிற்று. எல்லாம் சுத்தமான வெள்ளை மணல் என்று சான்றிதழில் கையெழுத்திட்டது நான். இப்போது அண்ணன் இல்லை. தலைவன் நான்.

எங்கள் குடும்பம் கொடுத்த கையெழுத்தை இதுவரை ஒருவரும் திருப்பிப் படித்ததில்லை. நான் மெர்லினிடம் சொன்னேன்:

"சான்றிதழ் இருக்குல்லாம்மா?"

"இருக்கு ஐயா. அதுல வெள்ளை மணல்னுதான் இருக்கு."

"அதுல உள்ளதுதான் உள்ள இருக்கு."

"எதாவது கொஞ்சம், தெரியாம..."

"எங்க குடும்பத்துல தெரியாம எதுவும் நடக்காது."

அவள் தலையாட்டினாள். "மன்னிச்சிடுங்க ஐயா. கேக்க வேண்டியது என் வேலை."

லிங்கதுரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. என்னிடம் கூடுதலாக ஒரு வார்த்தை பேசியவன் இல்லை. பெரியவர்களிடம் நிமிர்ந்து பார்த்துப் பேசாத பழக்கம் அவனுக்கு. அன்று நிமிர்ந்து பார்த்தான். பெரியப்பாவிடம் ஓர் அந்நியப் பெண் இப்படிக் கேட்கிறாளே என்று அவனுக்குச் சங்கடம் போல என்று எண்ணிக்கொண்டேன்.

"நானும் கூட இறங்குதேன் சார்," என்றான் வரதராஜனிடம்.

"நீங்க எதுக்கு? கம்பிக்காரங்க ரெண்டு பேர் போதும்."

"இல்ல சார். நானே குத்துதேன். இவிய கூட நிக்கட்டும்."

கொம்பையா சிரித்தான். "மொதலாளி வீட்டுப் பிள்ளை கம்பி பிடிச்சா எங்களுக்கு என்ன வேல? டீ போடவா?"

"ஆமாலே, போடு. சீனி கொறச்சு."

நான் தேங்காய் உடைத்தேன். சரி பாதியாக உடைந்தது. மூவரும் கீழே போனார்கள்.

அடியறை ஒரு வீட்டுக் கூடம் அளவு இருக்கும். தலைக்கு மேலே கூம்பின் வாய். அதைச் சுற்றிக் கம்பி விடுவதற்கு ஐந்து துளைகள். நடுவில் ஒன்று, கிழக்கே ஒன்றாம் எண், தெற்கே இரண்டு, வடக்கே மூன்று, மேற்கே நாலு. எங்கள் திரையில் அறை தெரிந்தது. பேச்சு மைக்கில் கேட்டது.

லிங்கதுரை நடுத்துளைக்குப் போகவில்லை. நேராக நாலாம் துளைக்குப் போனான். கம்பியைச் சரிவாக விட்டு, குத்தாமல், சுரண்டுவது போல இழுத்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு நூல் மாதிரி மணல் விழ ஆரம்பித்தது. வெள்ளை மணல்.

"என்ன பண்ணுறீங்க லிங்கதுரை? அது நாலு. நடுவுல போங்க," என்றாள் மெர்லின்.

"கொஞ்சம் பொறுங்க மேடம். இதுல வருது."

"ஓரத்துல எடுத்தா சுவருல பாரம் ஒரு பக்கமா ஏறும். நிழல் ஓரத்துக்குச் சம்மதிக்கல்ல."

"வருது மேடம். கொஞ்சம் பொறுங்க."

இப்படியே பதினோரு நிமிடம். மணல் நூல் விரல் கனம் ஆயிற்று. திரையில் நிழல் சிவப்பாக மின்னத் தொடங்கியது. வெளியே நடப்பதும் தனக்குள் நடப்பதும் பொருந்தவில்லை என்று அதற்கு அர்த்தம். வரதராஜன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"லிங்கதுரை, இது விளையாட்டு இல்ல. நடுத்துளைக்கு வாங்க. இல்லைன்னா மேல வந்துடுங்க, வேற ஆளை அனுப்புறேன்."

கீழே சத்தம் நின்றது. அவன் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேமராவை நிமிர்ந்து பார்த்தான்.

"பெரியப்பா அங்க இருக்காவளா சார்?"

"இருக்காங்க."

"பெரியப்பா என்ன சொல்லுதாவ?"

வரதராஜன் மைக்கை என்னிடம் நகர்த்தினார். அந்த அறையில் இரண்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கீழே இருந்து ஒருவன். ஒன்பது லாரி மண் கொஞ்சம் என்று நான் அப்போது நினைத்தேன். பன்னிரண்டாயிரத்தில் அது எந்த மூலை என்று நினைத்தேன். சாஸ்தா மண் யாருக்கும் கெடுதல் செய்யாது என்றும் நினைத்தேன். அரை மணி நேரத்துக்கு முன்னால் சொன்ன சொல்லை இந்தப் பெண்ணின் முன்னால் மாற்றுவதா என்றும் நினைத்தேன். இந்தக் கடைசி நினைப்புதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது.

"மேடம் சொல்லுதபடி செய்," என்றேன்.

"சரி பெரியப்பா."

அவன் பால்துரையிடம் ஏதோ சொன்னான். மைக்கில் தெளிவாகக் கேட்கவில்லை. பால்துரையும் கொம்பையாவும் படி ஏறினார்கள். இரும்புக் கதவைச் சாத்திய சத்தம் கேட்டது. லிங்கதுரை நடுத்துளைக்கு வந்து, நின்று, கம்பியை நேராக வைத்துக் குத்தினான். மூன்று தடவை. மூன்றாவது தடவை திரை வெள்ளையாகிவிட்டது. தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கூம்பின் வாய்க் கதவு பிய்ந்து, அடியறை மேல் தட்டு வரை மணல். மேலே இருந்த சூடு ஆறியிருக்கவில்லை. நாலு நாள் கழித்து அவனை எடுத்தார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பிள்ளையை நான் பார்க்காமல் அனுப்ப முடியாது. பார்த்ததை இங்கே எழுத மாட்டேன்.

கம்பெனி அறிக்கை ஆறு வாரத்தில் வந்தது. அதை எழுதியதும் நிழல்தான். பொறுப்பாளர் அனுமதியில்லாத துளையில் பதினோரு நிமிடம் வேலை செய்து மணலின் அமைப்பைக் குலைத்ததால் விபத்து. பிழையில் எழுபது பங்கு அவருடையது, முப்பது பங்கு கருவி வித்தியாசத்தை வைத்துக்கொண்டே சம்மதம் கொடுத்த பொறியாளருடையது. மெர்லினை வேலையை விட்டு எடுத்தார்கள். அடிமண்ணில் எது எங்கே இருந்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. நூற்றுக்கணக்கான டன் மணல் ஒன்றாகக் கலந்து கிடந்தது. அதில் கொஞ்சம் சிவந்த கட்டிகள் இருந்தன. சூட்டில் துரு ஏறிய மணல் என்று எழுதிவிட்டார்கள். வெள்ளை மணல் என்று என் கையெழுத்து இருந்ததால் வேறு மாதிரி எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆவணி மாதம் மெர்லின் என் வீட்டுக்கு வந்தாள். முன்னறிவிப்பு இல்லை. கையில் ஒரு மடிக்கணினி. உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை.

"வேலை போனப்பிறகு வீட்டுல சும்மாதான இருக்கேன் ஐயா. ஒரு கணக்கத் தலைகீழாப் போட்டுப் பார்த்தேன்."

"என்ன கணக்கு?"

"உள்ள இது இருந்தா என்ன நடக்கும்னு கேக்குறதுதான் வழக்கம். நான், இப்படி நடந்திருக்கு, அப்ப உள்ள என்ன இருந்திருக்கணும்னு கேட்டேன். கதவு பிய்ஞ்ச வேகம், சுவர் அதிர்ந்த கணக்கு, மணல் வந்து நின்ன உயரம் எல்லாத்தையும் கொடுத்தேன். இருபதாயிரம் விதமா அடுக்கிப் பார்த்துச்சு. ஒரே ஒரு விதம்தான் பொருந்துது."

அவள் திரையைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். கோபுரத்தின் அடியில் சிவப்பாக ஒரு தட்டு. கிழக்கே கனம், மேற்கே மெலிசு.

"உருண்ட மணல். மேல களிமண் பூச்சு. பன்னிரண்டு வருஷம் அறுநூறு டிகிரியில வெந்து செங்கல் மாதிரி ஒட்டிப்போயிருக்கு. நான் நெனச்ச ஒரு முழ வளைவு இல்ல ஐயா அது. கூம்பு முழுக்க ஒரே கூரை. நாப்பது மீட்டர் மணலும் அதுமேலதான் நின்னுச்சு. அதனாலதான் கீழ சுவருல பாரம் தெரியல. நடுவுல குத்துனா கூரை மொத்தமா வரும்." திரையில் ஓர் எண்ணைத் தொட்டாள். "அளவும் சொல்லிச்சு. நூத்திப்பத்து டன். கிழக்கு வாய்லருந்து கொட்டினது. லாரிக் கணக்குல ஒம்பது."

என் முகத்தில் அவள் எதையும் படித்திருக்க முடியாது.

"நான் உங்கள ஒண்ணும் கேக்க வரல ஐயா. கேட்டாச்சு, அன்னைக்கே. வேற ஒண்ணு எனக்கு உறக்கம் தரமாட்டேங்குது. இப்படி ஒரு கூரை உள்ள இருக்குன்னு தெரிஞ்ச ஒருத்தர் அத எப்படி இறக்குவாருன்னு நிழல்கிட்ட கேட்டேன். மேற்க, மெலிசான ஓரத்துல, சரிவாச் சுரண்டணும்னு சொல்லிச்சு. நாலாம் துளை. நாப்பது நிமிஷம் சுரண்டியிருந்தா மேல இருக்குற மணல் அந்த வழியா வடிஞ்சிருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது. லிங்கதுரை பதினோரு நிமிஷம் சுரண்டுனாரு. நாந்தான் கூப்பிட்டேன் அங்க இருந்து."

அவள் திரையை மூடினாள். பிறகு கேட்டாள்:

"அவருக்குத் தெரியுமா ஐயா?"

"தெரியாது," என்றேன். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். ஆறாவது லாரி ஓட்டியது அவனுடைய அப்பா தங்கப்பழம். தங்கப்பழம் செத்து ஏழு வருடம் ஆகிறது. மகனிடம் சொல்லியிருக்க மாட்டான்; சத்தியம் செய்தவன்.

அவள் போன பிறகு நான் சட்டையைப் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தேன். லிங்கதுரையின் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளறைக்குப் போய்விட்டாள். அவன் அம்மா பேச்சித்தாய் மட்டும் வந்து தூணோரம் நின்றாள்.

"நீ ஒண்ணு சொல்லணும்மா. மணல் நெறச்ச அன்னைக்கு தங்கப்பழம் வண்டி ஓட்டினான்லா?"

"அவுகளுக்கு அன்னைக்கு நூத்தி மூணு காய்ச்சல் அத்தான். எந்திரிக்கவே முடியல. பிள்ளையத்தான் அனுப்பினோம். லைசென்ஸ் எடுத்து ரெண்டு மாசம்கூட ஆகல, பயந்துகிட்டே போனான்."

"சத்தியம்?"

"அவனுந்தான் செஞ்சான். பெரியத்தான் கையிலதான் சூடம் ஏத்திக் கொடுத்தாவ. வந்து சாப்பிடவே இல்ல. இந்த வேலைக்கு அவனப் போகாதலேன்னு நான் சொன்னேன். அடியில என்ன கெடக்குன்னு தெரிஞ்ச ஒருத்தன் அங்க இருக்கணும்மா, அப்படின்னான்." சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "கோபுரத்துல இறங்கின அன்னைக்குக் காலையிலயும் சொல்லிட்டுத்தான் போனான். இன்னைக்குப் பெரியப்பா வாராவ, அவிய சொல்லிருவாவன்னு."

நான் எழுந்தேன். அவள் வாசல் வரை வரவில்லை. அது முறையல்ல, ஆனால் நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பால்துரையைக் கூப்பிட்டுவிட்டேன். கதவைச் சாத்துவதற்கு முன்னால் லிங்கதுரை என்ன சொன்னான் என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்:

"'ரெண்டு பேரும் மேல போயிருங்கலே, இனிமே இது எங்க குடும்ப விஷயம்'னு சொன்னாரு ஐயா. எனக்கு ஒண்ணும் புரியல. டீ போட்டு வையின்னும் சொன்னாரு."

பத்து நாள் யோசித்தேன். குடும்பத்துப் பெயரை இவ்வளவு காலம் காத்தவன் நான். அறிக்கையில் என் பெயர் இல்லை, அண்ணன் பெயர் இல்லை, சாஸ்தா மண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்கிறபடி விட்டுவிட்டால் பூலாவிளைக் குடும்பம் சுத்தம். அந்தச் சுத்தத்தின் கீழே, அனுமதியில்லாத துளையில் கை வைத்தவன் என்று எழுதப்பட்டு ஒருவன் கிடப்பான். அவன் என் தம்பி மகன். சத்தியத்தை மீறாமல், என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, கூட இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, நான் சொன்னதைச் செய்தவன். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவனை நான் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதில் உள்ளது அனைத்தும் நான் பார்த்தது, கேட்டது, செய்தது. சான்றிதழில் உள்ள கையெழுத்தும் இதில் உள்ளதும் ஒரே கை. கம்பெனிக்கு ஒரு படி, விசாரணை அதிகாரிக்கு ஒரு படி, மார்த்தாண்டத்தில் மெர்லினுக்கு ஒரு படி அனுப்பியிருக்கிறேன். பங்காளிகள் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார்கள். "சாவப்போற காலத்துல எதுக்கு அண்ணாச்சி எங்களையும் சேத்து இழுக்கிய?" என்று கேட்டார்கள். வாய் திறக்க வேண்டியவன் தலைவன், திறந்துவிட்டேன், இனி உங்களுக்குச் சத்தியம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டிருப்பதால் போவேன்.

கடைசியாக ஒன்று. லிங்கதுரை பயத்தில் தடுமாறித் துளை மாறிக் குத்திவிட்டான் என்று டீக்கடைகளில் பேசிக்கொள்கிறார்கள். அவன் துளை மாறவில்லை. நாலாம் துளை என்று தெரிந்துதான் அங்கே போனான். அங்கிருந்து அவனை நடுத்துளைக்கு அனுப்பியது நான்.